ஏழாவது கேள்விக்கு எழுதி வைத்த ‘நோ’

போன மாதம் எங்கள் பழைய கிளையில் இப்போது வேலை பார்க்கும் ஒரு பெண் எனக்குப் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு வந்து சேர்ந்தவள். ஏதாவது சந்தேகம் என்றால் கூப்பிடுவாள்.

"மேடம், ஒரு பார்ட்டி காருக்கு இன்சூரன்ஸ் போட வந்திருக்கார். போன வருஷம் குடிச்சிட்டு ஓட்டி லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆகியிருக்குன்னு அவரே சொல்றார். ஆனா கம்ப்யூட்டர்ல அந்தக் கேள்விக்கு ஏற்கெனவே ‘நோ’ன்னு டிக் விழுந்துதான் வருது. மாத்தினா மேலிடத்துக்குப் போகுது, ஒரு வாரம் ஆகுமாம். பார்ட்டி அவசரப்படறார். அப்படியே விட்டுடட்டுமா?"

"மாத்துடி!" என்று கத்திவிட்டேன். அடுப்படியிலிருந்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். பாவம், அந்தப் பெண் மேல் ஒரு தப்பும் இல்லை. "ஏன் மேடம் இவ்ளோ கோபம்?" என்று மெதுவாகக் கேட்டாள். கோபம் இல்லை, பயம். இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கேள்வியைக் கேட்டால் அது வந்துவிடுகிறது. போனில் சொல்லி முடிகிற கதை இல்லை என்பதால் எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது பரீட்சை எழுதித்தான். அதோடு இடஒதுக்கீட்டிலும்தான். இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த நாளில் இரண்டாவதை மட்டும்தான் எல்லாரும் சொன்னார்கள். சென்னையில் மூன்று வாரம் பயிற்சி கொடுத்தார்கள். இன்சூரன்ஸ் என்பது இரண்டு பக்கமும் எதையும் மறைக்காமல் நம்பிச் செய்யும் ஒப்பந்தம் என்று ஒருவர் ஒரு மத்தியானம் முழுக்க விளக்கினார். ஹாஸ்டல் சாப்பாடு கனமாக இருந்ததால் நான் தூங்கிவிட்டேன். பிறகு கள்ளக்குறிச்சி கிளையில் போட்டார்கள்.

ஓர் உரக்கடையின் மாடியில் கிளை. மூன்று மேஜை, ஓர் இரும்பு பீரோ, ஜன்னலைத் திறந்தால் உர மூட்டை நெடி. மேனேஜர் ராஜகோபால் சார் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. எந்தக் காகிதத்தைப் படித்தாலும் ஒரு மர ஸ்கேலை வரியின் கீழ் வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே படிப்பார். ஸ்கேல் நின்றால் ஏதோ தப்பு என்று அர்த்தம். அது எங்கள் ஃபைலில் நிற்கும்போது எங்கள் மூச்சும் நிற்கும்.

அவர் கொண்டுவந்த வழக்கம் ஒன்று உண்டு. வண்டிக்கு இன்சூரன்ஸ் போட வருபவர் ஒரு விண்ணப்பம் நிரப்ப வேண்டும். எல்லாம் இங்கிலீஷ். பேர், வண்டி நம்பர் எல்லாம் முடிந்ததும் ஐந்திலிருந்து ஒன்பது வரை ஐந்து கேள்விகள். ஓட்டுபவருக்குக் கண் பார்வைக் குறை உண்டா, வேறு கம்பெனி உங்களை மறுத்ததுண்டா, இப்படி. ஏழாவது கேள்வி, வண்டி ஓட்டிய குற்றத்துக்காகக் கோர்ட்டில் தண்டனை பெற்றதுண்டா என்பது. யாரிடமும் யாரும் கேட்கமாட்டோம். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு லோடு அடிக்கிற டிராக்டர்காரர் வந்து நின்றால், உனக்குக் கண் தெரியுமா என்றா கேட்பது? ஐந்துக்கும் ‘நோ’ போட்டுக் கையெழுத்து வாங்குவோம்.

"மாசக் கடைசியில கூட்டம் வரும். சும்மா இருக்கிற நாள்ல ஃபாரத்தை எல்லாம் எடுத்து அந்த அஞ்சு நோவையும் போட்டு வச்சிடுங்க" என்றார் சார். அப்படியே செய்தோம். மழை நாள் மத்தியானங்களில் நூறு நூறாக ‘நோ’ எழுதுவேன். கூடை முடைவதுபோல் கை தன்னால் போகும். ஆளே வராத விண்ணப்பத்துக்குப் பதில் மட்டும் தயாராக இருக்கும்.

அது இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த காலம். தங்கள் சாதிக்குத் தனி ஒதுக்கீடு கேட்டவர்கள் சாலைக்கு வந்தார்கள். எங்கள் பக்கத்துச் சாலைகளில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். எங்கோ துப்பாக்கிச் சூடு என்றார்கள், எங்கோ குடிசைகள் எரிந்தன என்றார்கள். எது நிஜம், எது வதந்தி என்று யாருக்கும் தெரியாது. நான் தியாகதுருகத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனேன். பக்கத்தில் உட்காரும் பெண் "எந்த ஊரும்மா? யார் வூட்டுப் பொண்ணு?" என்று கேட்பாள். சாதாரண நாளில் அது சாதாரணக் கேள்வி. அந்த நாட்களில் அது சாதியைக் கேட்பது. ஊரைச் சொல்லுவேன், தெருவைச் சொல்லமாட்டேன். எந்தத் தெரு என்று சொன்னால் முகம் மாறுகிறவர்களும் இருந்தார்கள். இறங்குகிறவரைக்கும் டிபன் பாக்ஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் பார்த்தால், மறுநாளிலிருந்து ஒரு வாரம் மறியல் என்று ஊரெல்லாம் பேச்சு. அன்று சார் கோட்ட அலுவலகக் கூட்டத்துக்குப் போயிருந்தார். உடன் வேலை பார்த்தவர் லீவு. பியூனும் மத்தியானமே கிளம்பிவிட்டார். மூன்றரை மணி பஸ்தான் கடைசி என்று கீழே உரக்கடைக்காரர் வந்து சொல்லிவிட்டுப் போனார். நான் தனியாக உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டரை மணிக்கு ஓர் ஆள் படியேறி வந்தார். சங்கராபுரம் முனுசாமி. கல்வராயன் மலையில் புளியும் கடுக்காயும் வாங்கி ஜீப்பில் ஏற்றிக் கீழே கொண்டுவந்து விற்கிறவர். அவரை எனக்கு மட்டுமல்ல, அந்தப் பக்கத்தில் எல்லாருக்குமே தெரியும். முந்தைய வருஷம் சந்தை நாளில், பட்டப்பகலில், குடித்துவிட்டு ஒரு தள்ளுவண்டிக் கடை மேல் ஜீப்பை ஏற்றியவர். நல்லவேளை, கடைக்காரர் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்.

"ஜீப்புக்கு இன்சூரன்ஸ் போடணும்ங்க மேடம். மொதல்ல ஒண்ணு சொல்லிடறேங்க. குடிச்சிட்டு ஓட்டி கேஸாயி, கோர்ட்டுல ஃபைன் கட்டிக்கீறேன். லைசென்ஸ ஆறு மாசம் புடுங்கி வச்சிருந்தாங்க, போன வாரம்தான் திருப்பிக் குடுத்தாங்க. ரெண்டு ஏஜெண்டப் பாத்தேன். கேஸ எழுதுனா மேல போயி மாசக்கணக்கா இழுக்கும், பேசாம மறைச்சிடுன்றானுங்க. நான் மறைக்க மாட்டேங்க."

சட்டைக் கையை மேலே தள்ளி மணிக்கட்டைக் காட்டினார். சிவப்புக் கயிறு. குடியை விடுகிறவர்கள் கோயிலில் பூசாரி கையால் கட்டிக்கொள்வது.

"குடிக்க மாட்டேன், பொய் பேச மாட்டேன்னு ரெண்டையும் சேத்துக் கட்டிக்கினேங்க. எழுதிக்குங்க."

சரி என்று தலையாட்டிவிட்டுக் கீழே போனேன். இன்சூரன்ஸ் விட்டுப்போன வண்டியை நேரில் பார்க்காமல் போடக் கூடாது. பானெட்டைத் திறந்து, சேஸிஸில் வெட்டியிருக்கும் நம்பர் மேல் மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் நம்பர் அப்படியே காகிதத்தில் பதியும். அதை ஃபைலில் ஒட்ட வேண்டும். நான் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே கடைவீதியில் ஷட்டர்கள் சடசடவென்று இறங்கின. ஒரு லாரி நிறைய ஆட்கள் கொடியோடு கோஷம் போட்டுக்கொண்டு போனார்கள். நான் பானெட்டுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் பென்சில் அழுந்திக் காகிதம் கிழிந்துவிட்டது. இன்னொன்று எடுத்துத் தேய்த்தேன்.

மேலே வந்து, எழுதி வைத்திருந்த ஃபாரக் கட்டிலிருந்து ஒன்றை உருவினேன். ஐந்து ‘நோ’க்களும் அதில் தயாராக இருந்தன. அப்போது எனக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. செய்ய வேண்டியது இதுதான்: அந்த ஃபாரத்தைக் கிழித்துப் போட்டு, வெற்று ஃபாரம் எடுத்து, ஏழாவது கேள்விக்கு ‘ஆமாம்’ என்று எழுதி, கோர்ட் விவரம் வாங்கி, மேனேஜர் வந்தபிறகு மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். அன்று கவர் நோட் தர முடியாது. கவர் நோட் என்பது பாலிசி வரும்வரைக்கும் கையில் கொடுக்கிற தற்காலிகச் சீட்டு. தர முடியாது என்றால் அவர் கெஞ்சுவார், பேச்சு வளரும், பஸ் போய்விடும். மணி மூன்று.

பேர், விலாசம், வண்டி நம்பர் மட்டும் எழுதினேன். கவர் நோட்டில் ‘பிற்பகல் 3.05’ என்று நேரம் போட்டேன்.

"அந்தக் கேஸ எழுதிட்டீங்களா மேடம்?"

"எல்லாம் இருக்கு. கையெழுத்துப் போடுங்க."

இங்கிலீஷ் படிக்கத் தெரியாத மனிதர். தமிழில் பேரை நிதானமாக எழுதி, கவர் நோட்டைக் கண்ணில் ஒற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பூட்டைப் போட்டுவிட்டு ஓட்டமாக ஓடி பஸ்ஸைப் பிடித்தேன். வீடு போய்ச் சேர்ந்ததும் அப்பாடா என்று உட்கார்ந்தேன். அந்த ஃபாரத்தின் நினைவே வரவில்லை.

மறியல் முடிந்து ஆபீஸ் திறந்த அன்றே சேதி வந்துவிட்டது. மறியலின் மூன்றாம் நாள், பஸ் ஓடாததால் முனுசாமி மலைக்கு அரிசி மூட்டை ஏற்றிப் போயிருக்கிறார். சாயங்காலம் நாலு மணிக்கு இறங்கி வரும்போது, அடிவாரத்துக்குச் சற்று மேலே ஒரு வளைவில் திரும்பினால் சாலையை அடைத்துக்கொண்டு மரம் கிடந்திருக்கிறது. காலையில் ஏறும்போது அது அங்கே இல்லையாம். பிரேக்கை மிதித்ததில் ஜீப் சறுக்கி ஓரத்தில் இழுத்துக்கொண்டு போய்விட்டது. பஸ் இல்லாமல் மலையிலிருந்து நடந்தே இறங்கிக்கொண்டிருந்த ஆண்டி என்பவர் மேல் மோதி, அவர் அந்த இடத்திலேயே இறந்துவிட்டார். வெள்ளிமலைப் பக்கம் சாமையும் தினையும் விதைக்கிற மனிதர். மனைவி, இரண்டு பெண் குழந்தைகள்.

முனுசாமி அன்று குடித்திருக்கவில்லை. ஆஸ்பத்திரி டாக்டர் வாடை இல்லை என்று எழுதியே கொடுத்திருந்தார். யார் நம்புவார்கள்? ‘குடிகாரன் ஆளைக் கொன்னுட்டான்’ என்பதுதான் ஊர்ப் பேச்சு.

சார் என்னைக் கூப்பிட்டார். மேஜை மேல் முனுசாமியின் ஃபைல். ஸ்கேலை முதல் வரியின் கீழ் வைத்தார். பேர். விலாசம். வண்டி நம்பர். ஸ்கேல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. ஐந்து. ஆறு. ஏழாவது வரியில் நின்றது.

"இந்த ஆளுக்குக் கேஸ் உண்டுன்னு ஊருக்கே தெரியும். உங்களுக்குத் தெரியாதா?"

அவர் ஃபாரத்தைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பேரும் நம்பரும் கறுப்பு மை. ஐந்து ‘நோ’க்களும் நீல மை. எப்போதோ ஒரு மழை நாளில் எழுதியவை. பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும் அந்த வித்தியாசம்.

ஃபாரத்தைக் கீழே வைத்தார். ஸ்கேலை மெதுவாக டிராயரில் வைத்து மூடினார். "மை வித்தியாசம் எதையும் நான் பாக்கலை. நீங்களும் பாக்கலை" என்றார். ஃபாரத்தை நிரப்பி வைக்கச் சொன்னவர் அவர். ஓய்வுக்கு இரண்டு வருஷம்தான் பாக்கி.

ஆண்டியின் மனைவி செல்லி, இழப்பீடு கேட்டு விழுப்புரம் கோர்ட்டில் வழக்குப் போட்டாள். எங்கள் கம்பெனி பதில் மனு போட்டது. வண்டிக்காரர் தமக்கு இருந்த தண்டனையை மறைத்துப் பொய் சொல்லி வாங்கிய பாலிசி, ஆகவே செல்லாது, நாங்கள் தர வேண்டியதில்லை, வேண்டுமானால் வண்டிக்காரரே தரட்டும். அன்றைய சட்டத்தில் அப்படி வாதாட இடம் இருந்தது. முனுசாமியிடம் நொறுங்கிப்போன ஜீப்பைத் தவிர ஒன்றும் கிடையாது. பாலிசி செல்லாது என்று தீர்ப்பானால் செல்லிக்கு ஒன்றும் கிடைக்காது. அவ்வளவும் நான் எழுதிய ஒரு ‘நோ’வில் தொங்கியது. அவர் என்னிடம் உண்மையைச் சொன்னார் என்பது தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் பேச்சை யாரும் நம்பவில்லை. இன்னொருத்தி வாயே திறக்கவில்லை.

ஜாமீனில் வந்திருந்த முனுசாமி, நோட்டீஸ் கிடைத்ததும் ஆபீசுக்கு வந்தார். படியில் செருப்புச் சத்தம் கேட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அடிப்பார், மேஜையைத் தள்ளுவார் என்றெல்லாம் நினைத்து நாற்காலியைச் சுவரோடு நகர்த்திக்கொண்டேன். அவர் என் மேஜை முன்னால் வந்து நின்றார், அவ்வளவுதான்.

"நான் பொய் சொன்னேன்னு நோட்டீஸ் வந்துகீதுங்க. நான் சொன்னேனே மேடம், நீங்க எழுதலையா?"

"ஞாபகம் இல்லைங்க" என்றேன்.

முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. ஸ்டேப்ளரைப் பார்த்துச் சொன்னேன். "ஞாபகம் வந்தா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார். அன்று மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கவே முடியவில்லை. ச்சீ, என்ன ஜென்மம் என்று என்னையே திட்டிக்கொண்டேன். திட்டிக்கொண்டதோடு சரி, வேறு ஒன்றும் செய்யவில்லை.

வழக்கு இரண்டு வருஷம் இழுத்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் கம்பெனி ஃபைலைத் தூக்கிக்கொண்டு போவது என் வேலை. முதல் வாய்தாவிலேயே தாழ்வாரத்தில் என் பக்கத்தில் ஒரு பெண் வந்து குந்தினாள். மலையிலிருந்து மூன்று பஸ் மாறி வந்தவள். கையில் ஒரு துண்டுச் சீட்டு.

"ஏம்மா, இதுல இன்னா தேதி போட்டுக்கீறாங்கன்னு படிச்சுச் சொல்லு."

படித்தேன். செல்லி என்று பேர் இருந்தது. தேதியை மட்டும் சொன்னேன். நானும் ஏதோ வழக்குக்காக அலைகிறவள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நான் அதை மாற்றவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு வாய்தாவுக்கும் என்னைத் தேடி வந்து பக்கத்தில் உட்காருவாள். ஒரு முறை முந்தானையில் முடிந்து மலை நெல்லிக்காய் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். வாங்காமல் இருக்க ஒரு காரணம் சொல்ல வேண்டுமே, அதற்கும் பயம்.

அவள் கதை கொஞ்சம் கொஞ்சமாக என் காதில் விழுந்தது. உழ ஆள் இல்லாமல் நிலத்தைச் சமவெளியிலிருந்து வந்த கீழ்நாட்டு ஆள் ஒருவரிடம் குத்தகைக்கு விட்டுவிட்டாள். ஆலைக்குக் கரும்பு வெட்டப் போனாள். பெரிய பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திச் சின்னதைப் பார்த்துக்கொள்ள வைத்துவிட்டாள். கரும்புத் தோகை அறுத்து அவள் முன்கை முழுக்கக் கீறல். நான் மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் நான் சாட்சி சொல்லும் நாள் வந்தது. முந்தின நாள் சார் என்னைத் தம் அறையில் உட்கார வைத்தார். கம்பெனி வக்கீல் சொல்லிக் கொடுத்த மூன்று வாக்கியங்களைச் சொல்லிப் பார்க்கச் சொன்னார். ‘ஏழாவது கேள்வியைக் கேட்டேன். இல்லை என்றார். அதை எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.’ சொன்னேன்.

"நல்லது. இதுல மாறிடாதீங்க" என்றார். குரல் வழக்கம்போல மெதுவாகத்தான் இருந்தது. "நீங்க எப்படி வேலைக்கு வந்தீங்கன்னு எல்லாருக்கும் தெரியும். வெளியில நடக்கிறதும் உங்களுக்குத் தெரியும். நீங்க ஒரு தப்பு செஞ்சா உங்களை மட்டும் சொல்லமாட்டாங்க. கோட்டாவுல வந்தவங்க வேலை இப்படித்தான்னு உங்க ஆளுங்க எல்லாரையும் சேத்துச் சொல்லுவாங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

என் சம்பளத்தில் ஏழு பேர் சாப்பிட்டோம். எங்கள் தெருவில் முதன்முதலில் ஆபீஸ் வேலைக்குப் போனவள் நான். அடுத்தடுத்துப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகள் என்னைக் காட்டித்தான் படித்தார்கள். அவர் சொன்னது என்னை அடித்த அளவுக்கு வேறு எதுவும் அடித்ததில்லை. அவர் சொன்னபடி நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். விழுப்புரம் போகிற பஸ்ஸில் அந்த மூன்று வாக்கியங்களையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போனேன்.

தாழ்வாரத்தில் செல்லி எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள்.

"அந்தக் கம்பெனிக்காரங்க இன்னாத்துக்கும்மா தரமாட்டேன்றாங்க? உனக்குத் தெரியுமா?"

"வண்டிக்காரர் பொய் சொல்லி இன்சூரன்ஸ் வாங்கிட்டாராம்."

"அவன் பொய் சொன்னதுக்கு நான் இன்னா பண்ணுவேன்? எம் புருசன் ஓரமாத்தான நடந்துக்கினு போச்சு" என்றாள். நான் ஃபைலைத் திறந்து எதையோ தேடுவதுபோல் பாவனை செய்தேன்.

முதலில் முனுசாமியைக் கூண்டில் ஏற்றினார்கள். என்னைத் தாண்டிப் போகும்போது சாராய வாடை அடித்தது. மணிக்கட்டைப் பார்த்தேன், கயிறு இல்லை.

"மேடம்கிட்ட எல்லாத்தையும் சொன்னேங்க. எழுதிக்குங்கன்னும் சொன்னேன்" என்றார்.

"இப்பவும் குடிச்சிட்டுத்தானே வந்திருக்கீங்க?" என்றார் எங்கள் வக்கீல்.

"ஆமாங்க. குடிய வுட்டுட்டுத்தான் இன்சூரன்ஸ் வாங்கப் போனேன். பொய்யன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க, அப்புறம் கயிறு எதுக்குன்னு அவுத்துட்டேன்."

கோர்ட்டில் சிரித்தார்கள். வக்கீலும் சிரித்தார். முனுசாமி சிரித்தவர்களைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வக்கீல் ஃபாரத்தை நீட்டினார்.

"இந்த ஏழாவது கேள்வியை முனுசாமிகிட்ட கேட்டீங்களா?"

மூன்று வாக்கியமும் நாக்கு நுனியில் இருந்தன. முதல் வாக்கியத்தைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அதைச் சொல்லத்தான் திறந்தேன்.

"கேக்கலைங்க."

வக்கீலுக்குச் சரியாகக் கேட்கவில்லை. நீதிபதிக்குக் கேட்டுவிட்டது. "சத்தமாச் சொல்லுங்கம்மா" என்றார்.

"நான் கேக்கலைங்க ஐயா. கேக்காம அவரே சொன்னார், கேஸ் இருக்குன்னு. எழுதச் சொன்னார். ஃபாரத்துல ‘நோ’ முன்னாடியே எழுதி வச்சிருந்தோம். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அதுலயே கையெழுத்து வாங்கிட்டேன். எழுதியாச்சான்னு கேட்டார். எல்லாம் இருக்குன்னு பொய் சொன்னது நான்தான். மையைப் பாருங்க, ரெண்டு மை."

சொல்லும்போது தைரியம் ஒன்றும் வரவில்லை. நீதிபதி ஃபாரத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கம்பெனி ஊழியருக்குத் தெரிந்தது கம்பெனிக்குத் தெரிந்த மாதிரிதான், பாலிசி செல்லும் என்று பிறகு தீர்ப்பில் எழுதினார். செல்லிக்கு இழப்பீடு கிடைத்தது.

எனக்குக் குற்றச்சாட்டு மெமோ வந்தது. விசாரணை நடந்தது. வேலை போகவில்லை. இரண்டு இன்கிரிமெண்ட்டை நிறுத்தித் தூரத்துக் கிளைக்கு மாற்றினார்கள். சார் சொன்னபடியே பேசவும் செய்தார்கள், என் காதுபடவே. அவர் அதற்குள் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். ஃபாரத்தை முன்கூட்டியே நிரப்பி வைக்கச் சொன்னது யார் என்று விசாரணையில் கேட்டபோது, வழக்கம் என்று மட்டும் சொன்னேன். அங்கேயும் பயம்தான். முனுசாமி பிறகு கயிறு கட்டிக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது. போய்ப் பார்க்க முகம் இல்லை.

ஆனால் அதெல்லாம் பிறகு நடந்தவை. அன்று கூண்டிலிருந்து இறங்கித் தாழ்வாரத்துக்கு வந்தேன். செல்லி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். உள்ளே பேசியது எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"நீதான் அந்தக் கம்பெனியாம்மா?"

"ஆமாம்மா."

"ரெண்டு வருசமா எம் பக்கத்துல குந்திக்கினு இருந்தியே. இத அன்னிக்கே சொல்லியிருந்தா நான் நெலத்த வுட்டிருக்க மாட்டேனே. பொண்ணு பள்ளிக்கூடத்துல இருந்திருக்குமே."

"பயந்துட்டேன்மா" என்றேன். அழுகை வந்துவிட்டது. "வேலை போயிடும்னு பயம். ரொம்பப் பயந்துட்டேன்."

அவள் கோபப்படவில்லை. சத்தம் போட்டிருந்தாலாவது தாங்கியிருப்பேன்.

"எனக்கும் பயம்தாம்மா. பஸ்ஸுல எழுதியிருக்கிற ஊரு பேரு படிக்கத் தெரியாது. போலீஸக் கண்டா பயம், இங்க கருப்புக் கோட்டக் கண்டா பயம். வர்ற வழியில மரத்த வெட்டிப் போட்டுக்கினு நின்னாங்களே, அவங்களக் கண்டும் பயம். ஒரு வாய்தா வுடல, பயந்துக்கினேதான வந்தேன்."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான் வருகிறேன், பஸ் பார்த்து ஏற்றிவிடுகிறேன் என்று பின்னாலேயே போனேன்.

"வேணாம்மா. கேட்டுக்கினு போய்க்கிறேன்" என்றாள்.